பரீட்சை முடியட்டும்

எங்கள் மாடிச் சமையலறையில் நான்கு அடுப்புகள் இருக்கின்றன. ஜன்னல் பக்கத்து அடுப்பு மட்டும் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் அதற்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை. நானும் என் அறைத்தோழனும் எப்போதும் அதைத்தான் எடுத்துக்கொள்வோம். சோறு ஆக்க அது போதும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வார்டன் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவன் ஏன் உன் கையை உடைத்தான்? இந்த ஊர் மொழியில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. மாலை வகுப்பில் படித்த மொழி கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸுக்கு வழி கேட்கவும் உதவும். இதற்கு உதவாது. "உன் மொழியிலேயே எழுதிக் கொடு, உங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் மொழிபெயர்ப்பார்" என்றார். அந்த ஒருவர் நீங்கள். உங்களுக்கு வேலை வைத்ததற்கு மன்னியுங்கள். உடைந்தது இடது கை என்பதால் எழுதுவதில் சிரமம் இல்லை.

மாலை வகுப்பு ஆசிரியை தினமும் அன்றைய நாளைப் பற்றிப் பத்து வரி எழுதிவரச் சொல்வார். நடந்ததை நடந்த வரிசையில் எழுது, யார் மேலும் கோபப்படாதே என்பார். அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் மேல் தப்பு இல்லை. அடிதடி செய்தவன் என்று அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நீக்கினால் விசாவும் போய்விடும். அது நியாயமே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விடுதியில் அவனுக்குப் பெயர் குக்கர். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஒரு பிரஷர் குக்கரை எடுத்து வந்தான். இடம் வீணாகக்கூடாது என்று அதற்குள் தன் ஜட்டிகளைச் சுருட்டித் திணித்திருந்தான். விமான நிலையத்தில் மூடியைத் திறந்து காட்டச் சொன்ன அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்ததை அவன் நடித்துக் காட்டினால் நமக்கு வயிறு வலிக்கும். முதல் நாள் இங்கே விசில் வந்தபோது ஏதோ வெடிக்கப்போகிறது என்று மாடி முழுக்க வெளியே ஓடியது. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

எனக்கு அவன் வைத்த பெயர் ஜட்ஜு. "இவன்கிட்ட உப்பு போதுமான்னு கேட்டாக்கூட ரெண்டு பக்கமும் சாட்சி விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவான்" என்பான். உண்மைதான். எனக்கு எதிலும் உடனே முடிவெடுக்க வராது. எடுத்த பிறகும் அது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் படிக்கப்போகிற விஷயத்திலும் அப்படித்தான் யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்தது ஒன்றுமில்லை.

விடியற்காலையில் நான் ஒரு பெரிய கடையின் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கப் போவேன். மதியம் திரும்புவேன். சாயங்காலம் எனக்கு மொழி வகுப்பும் கல்லூரி வகுப்பும். அவனுக்குக் காலையில் கல்லூரி. ஆகவே மதியம்தான் நாங்கள் சேர்ந்திருக்கும் நேரம். அவன் வெங்காயம் நறுக்குவான், நான் அரிசி கழுவுவேன். அவன் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அப்பா கிடையாது. ஒரு அக்கா, கல்யாணமாகி அதே தெருவில் இருப்பவர். மசாலாப் பொடிகள் போட்டுவைக்க அந்த அம்மா சின்னச் சின்ன துணிப் பைகள் தைத்து அனுப்பியிருந்தார். எனக்கும் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு ஜோடி. போனில் பேசும்போதெல்லாம், "அந்தத் தம்பி சாப்பிட்டானாடா?" என்று கேட்பார். நல்ல மனுஷி. இதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

பரீட்சைக் காலத்தில் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. படிக்கிறவன் தன் போனை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன்தான் இதைக் கொண்டுவந்தான். "கையில இருந்தா நோண்டிக்கிட்டே இருப்போம்டா. என்கிட்ட குடு. வீட்ல இருந்து வந்தா நான் பேசிக்கிறேன்" என்றான். எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்தால்தான் இதெல்லாம் முடியும்.

என் முதல் வருடப் பரீட்சையின்போது என் அப்பா இறந்துவிட்டார்.

எனக்கு அது தெரியாது. சித்தப்பா என் போனுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். போன் குக்கரிடம் இருந்தது. "தம்பி, நீ பக்கத்துல இருக்கே. அவனுக்கு இப்ப சொல்லவேண்டாம். பரீட்சை முடியட்டும். முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். நம் ஆட்களிடம் இருக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தியை நேரே சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வார்கள். அவன் நேரம் பார்த்துச் சொல்வான். பக்குவமாக என்ற சொல்லை அந்த மொழியில் எப்படிக் கொண்டுபோகப் போகிறீர்களோ தெரியவில்லை. நானே வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டேன். அவருக்கும் ஈடான சொல் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் குக்கர் என்னை ராஜா மாதிரி பார்த்துக்கொண்டான். என் துணியையும் சேர்த்துத் துவைத்தான். நான் கேட்காமலே தேநீர் வந்தது. ஒரு நாள் அம்மாவிடம் பேசவேண்டும் என்று அடம்பிடித்தேன். யோசித்துவிட்டு, அவனே எண்ணை அழுத்திக் கொடுத்தான். அம்மாவின் குரல் கட்டியிருந்தது. பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம்.

"யாரும்மா வந்திருக்காங்க?"

"சொந்தக்காரங்கப்பா. சும்மா பாக்க வந்திருக்காங்க."

"அப்பா எங்கே?"

"அப்பா... வெளிய போயிருக்காருப்பா. நீ நல்லா எழுது."

போனை அவன் வாங்கிக்கொண்டான். "போதும்டா, போய்ப் படி" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்ள அவனால் முடிந்தது என்பதைத்தான் நான் பிற்பாடு அதிகம் யோசித்தேன்.

அதற்கு முந்தின நாள் மதியம், "மூளைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடு ஜட்ஜு" என்று சொல்லி ஒரு காமெடிப் படம் போட்டான். நான் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஊர்களுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அது எந்த நேரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டிலிருந்து அப்பாவை எடுத்த நேரம் அது. நான் வைக்கவேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று எல்லாம் செய்து வைத்திருந்தான். "முதல்ல சாப்பிடு" என்றான். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டுச் சொன்னான்.

நான் அழுதேன். அவனும் அழுதான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன். சொல்லவில்லை என்று இப்போது மறுக்கமாட்டேன். ஊருக்குப் போனபோது எல்லோரும் அவனைத்தான் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ளமாட்டான் என்றார் சித்தப்பா. எனக்கு மதிப்பெண் நன்றாக வந்திருந்தது. அப்பாவின் ஆசி என்றார் அம்மா. ஹாலில் மாலை போட்ட படம் மட்டும் இருந்தது. முகத்தைப் பார்க்கக் கிடைக்காதவன் படத்தைப் பார்த்து என்ன செய்ய?

இவ்வளவோடு விட்டிருந்தால் அவனை மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெரியவர்கள் சொன்னார்கள், அவன் செய்தான். ஆனால் நான் திரும்பி வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு மதியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒன்று சொன்னான்.

"டேய் ஜட்ஜு. எனக்கு மட்டும் இப்படிப் பண்ணிராதடா."

"எப்படி?"

"எங்க வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா உடனே சொல்லிரு. எவன் என்ன சொன்னாலும் கேக்காத. ஃபெயிலானாலும் பரவால்ல, ஓடிருவேன். எனக்கு இருக்கறது எங்கம்மா ஒருத்திதான்." மூக்கை உறிஞ்சினான். வெங்காயமாகவும் இருக்கலாம். "நான் பண்ணது தப்புடா. அன்னிக்கே தெரியும்."

"சரி" என்றேன்.

அரிசியை மறுபடி கழுவினேன். இதைத்தான் நான் துரோகம் என்று சொல்வேன். தப்பு என்று தெரியாமல் செய்திருந்தால் அது அறியாமை. தெரிந்தே செய்திருக்கிறான். தனக்கு வேண்டாம் என்கிற ஒன்றை எனக்குப் பரிமாறியிருக்கிறான், அப்பளத்தோடு. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அவன் பக்கம் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவேளை நான் சரியாகத் தேடவில்லையோ என்னவோ.

அடுத்த பரீட்சை வந்தது. அவனுக்கு வந்தது, எனக்கு அந்தத் தடவை தாமதமாகத்தான். வழக்கம்போல அவனே போனை என் கையில் வைத்தான்.

கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் அக்கா கூப்பிட்டார். அவன் போனுக்கு இல்லை, எனக்கு. அழுதுகொண்டே பேசினார். அம்மா தையல் மெஷினிலேயே சரிந்துவிட்டாராம். மூளையில் ரத்தக்கசிவு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

"டாக்டர் நம்பிக்கையா ஒண்ணும் சொல்லல தம்பி. நடுவுல நடுவுல முழிக்கிறாங்க. முழிச்சா அவனைத்தான் கேக்குறாங்க. நீ பக்கத்துல உக்காந்து பக்குவமா சொல்லி, கையோட பிளேன் ஏத்தி விட்டுரு. பரீட்சை கிடக்கட்டும். நான் பேசினா அழுதுருவேன். அவன் அங்க தனியா உடைஞ்சு போயிருவான். நீதான் சொல்லணும்."

"சொல்றேன்க்கா" என்றேன்.

சொல்லவேண்டும் என்றுதான் அறைக்குப் போனேன். இதை நம்புங்கள். அவன் தரையில் புத்தகங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஜட்ஜு, கேஸ் தோத்துட்டீங்களா? மூஞ்சி தொங்குது."

"ஒரு விஷயம்டா."

"அம்மா தாயே, இன்னிக்கு ஒரு விஷயமும் வேணாம். தலைக்குள்ள இடமில்ல. எதுவா இருந்தாலும் பரீட்சை முடியட்டும்."

அவனே சொன்னான். என் வாயிலிருந்து வரவில்லை. நான் சமையலறைக்குப் போய் அரிசி கழுவினேன்.

அடுத்த நாள் அக்கா மறுபடி கூப்பிட்டார். கிளம்பிட்டானா என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்க்கா. பரீட்சை முடிச்சுட்டுத்தான் வருவானாம்."

"அவனா சொன்னான்?"

"ஆமாக்கா."

"அவன்கிட்ட போனைக் குடு."

"பேசமாட்டேங்கிறான். பேசினா அழுகை வந்துருமாம், எழுத முடியாதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"சரி விடு தம்பி. நீ பாவம், என்ன பண்ணுவே" என்றார்.

என்னைப் பாவம் என்று யாராவது சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

அவனை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அவன் துணியையும் சேர்த்துத் துவைத்தேன். கேட்காமலே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு முறை, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போனா தெம்பா இருக்கும்டா, போனைக் குடு" என்றான். அம்மா அசந்து தூங்குவதாக அக்கா சொன்னார் என்றேன். அது பொய் இல்லை. அக்கா அன்று காலை அதைத்தான் சொல்லியிருந்தார். கண்ணையே திறக்கவில்லை என்று.

"தூங்கட்டும், பாவம். நாளெல்லாம் மெஷின் மிதிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய் நன்றாக எழுதிவிட்டு வந்தான்.

ஒரு மதியம் அவனுக்கும் ஒரு காமெடிப் படம் போட்டேன். அவன் சிரிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவன் சிரிக்கும்போது கால் விரல்களை மடக்குவான் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவன் போன் அடித்தது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா இறந்துவிட்டார். அக்கா எனக்குச் செய்தி மட்டும் அனுப்பினார். பேசவில்லை. தம்பிக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தார். அவனுக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. எழுதினான்.

அவன் வருவதற்குள் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் எல்லாம் செய்து வைத்தேன். "முதல்ல சாப்பிடு" என்றேன். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தத் தட்டைச் செய்து வைத்து ஒருவனை உட்காரவைத்தவன் அல்லவா. சோற்றில் கை வைக்கவே இல்லை.

"யாருடா?" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டுச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். சமையலறையில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். என் குரல் உயரவே இல்லை என்று அவர்களே சொல்வார்கள்.

அவன் அப்போது என்னை அடிக்கவில்லை. இதை அழுத்தமாக மொழிபெயர்க்க வேண்டும். கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். அக்காவுக்கு அடித்தான். காதில் வைக்கக்கூடத் தோன்றாமல், ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப எதுக்குடா கூப்பிடுறே?" என்றார் அக்கா. "பரீட்சை நல்லா எழுதிட்டியா?"

"அக்கா, எனக்கு இப்பத்தான்..."

"அம்மா காதுல வெச்சேனே, அப்ப ஒரு வார்த்தை வரேன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா? வரவேணாம். சும்மா வாய்வார்த்தைக்காவது சொல்லியிருக்கலாமே. நீ பேசினதுக்கப்புறம் அவங்க யாரையும் கேக்கல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"நான் பேசலையேக்கா" என்றான் குக்கர். "நான் எப்பக்கா பேசினேன்?"

அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அவன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் எல்லாம் தெரிந்தது. பிறகுதான் நாற்காலியைத் தூக்கினான். தலையைக் காப்பாற்ற நான் கையை உயர்த்தினேன். வார்டன் அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இனி, அந்தப் போன்.

அன்று மதியம் அவன் தாழ்வாரத்துக் கடைசியில் இருக்கும் படிப்பறையில் இருந்தான். அதற்குக் கண்ணாடிக் கதவு. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவன் போன் என் சட்டைப் பையில் அடித்தது. திரையில் அக்கா என்று வந்தது. எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர் பேசிவிட்டார். "முழிச்சிருக்காங்கடா. உன்னைத்தான் கேக்குறாங்க. உனக்கு எவ்வளவு கல்நெஞ்சா இருந்தாலும் ஒரே ஒரு வார்த்தை பேசிரு. காதுல வெக்கிறேன்."

கதவைத் தட்டியிருந்தால் அவன் திரும்பியிருப்பான். தட்டுவதற்காகக் கையைக்கூட உயர்த்தினேன். அப்போது போனில் மூச்சு கேட்டது. கரகரவென்று, விட்டுவிட்டு. பிறகு, "கண்ணு" என்றார் அந்த அம்மா. "வந்துருவியா கண்ணு?"

என் அப்பா கடைசியாக என்ன கேட்டார் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அதை நினைத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு பக்கத்தைப் புரட்டினான்.

"வரலம்மா" என்றேன். "பரீட்சை இருக்கு."

மெதுவாகத்தான் சொன்னேன், மகன் சொல்கிற மாதிரியே. வாய்வார்த்தைக்காவது வரேன் என்று சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்டதை நானும் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சாகப்போகிற ஒரு தாயிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.